கார் கம்பெனிகளின் போட்டி: விற்பனைப் பட்டியலை விடுங்கள், எந்த ஆலை யார் கைக்குப் போகிறது பாருங்கள்

#1 ஒரகடத்தான்

வருடா வருடம் ஜனவரியில் ஒரு பட்டியல் வரும், அதை வைத்து நாம் ஒரு வாரம் அடித்துக்கொள்வோம். 2024 கணக்கில் டொயோட்டா குழுமம் ஏறக்குறைய 1.08 கோடி வண்டி, ஃபோக்ஸ்வாகன் 90 லட்சம், ஹூண்டாய்-கியா 72 லட்சம். அந்தப் பட்டியல் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். நடக்கப்போவது தெரிய வேண்டுமானால் ஆலைகளின் கிரயப் பத்திரத்தைப் பாருங்கள்.

- குஜராத் ஹாலோல்: 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போனது. சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. எடுத்து எம்.ஜி. வண்டி தயாரிக்க ஆரம்பித்தது.
- தாய்லாந்து ராயோங்: ஜி.எம். 2020-ல் விற்றது. வாங்கியது சீனாவின் கிரேட் வால்.
- பிரேசில் கமசாரி: ஃபோர்டு 2021-ல் மூடியது. இப்போது அங்கே சீனாவின் பி.ஒய்.டி.
- பிரேசில் இராசெமாபொலிஸ்: மெர்சிடிஸ் மூடியது. அதையும் கிரேட் வால்தான் வாங்கியது.
- பார்சிலோனா: நிஸ்ஸான் 2021 கடைசியில் மூடியது. உள்ளூர்க் கூட்டாளியோடு சீனாவின் செரி நுழைந்தது.
- குஜராத் சானந்த்: ஃபோர்டு கொடுத்தது, டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது.
- புனே பக்கம் தலேகாவ்: ஜி.எம். ஆலை. கிரேட் வால் 2020-லேயே பேசி முடித்தது. இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டு முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்ற விதி அந்த ஏப்ரலில் வந்ததும் பேச்சு இழுத்து இழுத்து அறுந்தது. கடைசியில் ஹூண்டாய்க்குப் போனது.

இனி நம்ம ஊர். ஒரகடம் ரெனோ-நிஸ்ஸான் ஆலையில் நிஸ்ஸானிடம் இருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோ எடுத்துக்கொள்ளும் என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். நிஸ்ஸான் வண்டி அங்கேயே தயாராகும், ஆனால் இனி அது வீட்டுக்காரர் இல்லை, குடித்தனக்காரர்.

கொடுத்தவர்கள் பெயரைப் பாருங்கள்: ஜி.எம்., ஃபோர்டு, நிஸ்ஸான், மெர்சிடிஸ். வாங்கியவர்கள், ரெனோவைத் தவிர, சீனர்கள், கொரியர்கள், டாடா. என் கட்சி இதுதான்: அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் சொந்த வாசலுக்குச் சுருங்குகின்றன. மற்ற சந்தைகளில் இனிமேல் அடிதடி ஆசியர்களுக்குள்தான். மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

#2 டீசல் தாத்தா

ஆலை கை மாறுவது புதுசா? 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா வாங்கியது. 2010-ல் அதே ஃபோர்டு வோல்வோவை கீலியிடம் கொடுத்தது. அன்றைக்கும் "மேற்கு முடிந்தது" என்று எழுதினார்கள். அதற்கப்புறமும் பிக்கப் டிரக் விற்றே ஃபோர்டும் ஜி.எம்.மும் கொழுத்த லாபம் பார்த்தன. நட்டத்தில் ஓடுகிற ஆலையை விற்பதற்குப் பெயர் தோல்வி இல்லை, புத்தி.

#3 பாடிஷாப் பாண்டி

தாத்தா சொல்வதில் பாதி சரி. 2008, 2010-ல் விற்றது பிராண்டை. இப்போது விற்பது சுவரும் தொட்டியும். வெறும் கட்டடத்துக்கு ஏன் இத்தனை போட்டி என்று கேட்பவர்களுக்காக.

ஒரு கார் ஆலையில் நான்கு பெரிய பகுதி. பிரஸ் ஷாப் (தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இடம்), பாடி ஷாப் (தகடுகளை வெல்டிங் செய்து இணைக்கும் இடம்), பெயிண்ட் ஷாப், அசெம்பிளி. பழைய ஆலையை வாங்கினால் பாடி ஷாப்பில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். தகடுகளைப் பிடித்து நிறுத்தும் வெல்டிங் ஃபிக்சர் ஒவ்வொன்றும் ஒரு மாடலின் தகட்டு வடிவத்துக்கே அளந்து செய்தது, அடுத்த மாடலுக்கு உதவாது. ரோபோவைக் கழற்றி மறுபடி புரோகிராம் போடலாம், அவ்வளவுதான். பிரஸ் ஷாப் பிழைக்கும். டையை, அதாவது அச்சை, மாற்றினால் போதும், ஆனால் புது டை அந்த பிரஸ்ஸின் மேடை அளவுக்கும் டன் அளவுக்கும் பொருந்தணும்.

உண்மையான சொத்து பெயிண்ட் ஷாப். வெல்டிங் முடிந்த வெறும் பாடியை முதலில் கழுவி, பாஸ்பேட் பூசி, அப்புறம் மின்பூச்சுத் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள். பிறகு 160-லிருந்து 180 டிகிரி அடுப்பில் சுடுவார்கள். அந்தத் தொட்டியின் நீள அகலம்தான் அந்த ஆலையில் எவ்வளவு பெரிய வண்டி செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும். வாங்குபவன் முதலில் டேப் பிடிப்பது அங்கேதான். புதுசாகக் கட்டினால் ஆலைச் செலவில் பெரிய துண்டு அதற்கே போகும். கழிவுநீர், புகை, கரைப்பான் ஆவி என்று சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவே காலம் ஓடிவிடும். அனுமதியோடு ஓடிக்கொண்டிருந்த பெயிண்ட் ஷாப் கிடைத்தால் அதுவே ஒன்றிரண்டு வருடம் மிச்சம்.

மின்வண்டிக்கு அசெம்பிளியில் பெரிய மாற்றம் ஒன்றுதான்: இன்ஜினைக் கீழிருந்து ஏற்றிய இடத்தில் 400, 500 கிலோ பேட்டரியை ஏற்றணும். லிஃப்ட், வழிகாட்டி வண்டி, தீத்தடுப்பு எல்லாம் அதற்கேற்ப மாறும்.

#4 செல்வேதி

தொட்டியை விடுங்க பாண்டி அண்ணே, வண்டி விலையில் பெரிய துண்டு பேட்டரி. பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல் யாருடையதோ லாபம் அவருடையது. பி.ஒய்.டி. 1995-ல் ஷென்ஜெனில் பேட்டரிக் கம்பெனியாகத்தான் பிறந்தது, கார் பக்கம் வந்தது 2003-ல். மற்றவர்கள் கார் செய்து பழகிவிட்டு பேட்டரி தேடி அலைகிறார்கள், இவர்கள் தலைகீழாக வந்தவர்கள். யு.பி.எஸ். என்ற சுவிஸ் வங்கியின் ஆட்கள் 2023-ல் பி.ஒய்.டி. சீல் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது பாகங்களில் நான்கில் மூன்று பங்கு சொந்தத் தயாரிப்பு, மேற்கத்திய கம்பெனிகளைவிட நான்கில் ஒரு பங்கு செலவு குறைவு என்று கணக்குச் சொன்னார்கள்.

2020-ல் வந்த பிளேடு பேட்டரியைக் கையில் எடுத்தால் என்ன தெரியும்? ஒரு செல் சுமார் 96 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம், 1.35 செ.மீ. கனம். ஓட்டு வீட்டு ரீப்பர் கட்டை மாதிரி இருக்கும். மற்றவர்கள் சின்னச் செல்களை ஒரு பெட்டியில் அடைத்து மாட்யூல் ஆக்கி, மாட்யூல்களை இன்னொரு பெட்டியில் அடைப்பார்கள். பெட்டிக்குள் பெட்டி. இவர்கள் ரீப்பர் அடிக்கிற மாதிரி செல்லை நேராகப் பெரிய பெட்டியில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நடுப்பெட்டி, அதன் தகடு, போல்ட், செப்புப் பட்டை எல்லாம் போச்சு. செல்லே பெட்டிக்கு விலா எலும்பாக நிற்கிறது. உள்ளே இருப்பது நிக்கல், கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி.

குறையும் உண்டு. ஒரு செல் கெட்டால் மாட்யூலைக் கழற்றி மாட்ட முடியாது. பசை போட்டு ஒட்டியிருக்கும், முழுப் பேட்டரியும் இறங்கணும். ஒரே எடையில் நிக்கல் செல்லைவிட மின்சாரம் குறைவு, குளிரில் மந்தம்.

#5 புதுவண்டி

செல்வேதி சார், ஒரு சந்தேகம். பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்கிறார்கள், எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்று என்கிறார்கள். எது சரி?

#6 செல்வேதி

இரண்டும் சரி, வேதியியல் வேறு. நிக்கல் செல்லில் சார்ஜ் ஏற ஏற வோல்டேஜும் சீராக ஏறும். வோல்டேஜைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். எல்.எஃப்.பி.யில் 20-லிருந்து 90 சதவீதம் வரை செல்லின் வோல்டேஜ் 0.1 வோல்ட் அளவுக்குத்தான் நகரும், 3.2-லிருந்து 3.3 வரை. அதைப் பார்த்து 40 சதவீதமா 70 சதவீதமா என்று சொல்ல முடியாது. ஆகவே உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் கணக்கு வைக்கிறது. சென்சாரின் சின்னப் பிழை நாள்பட நாள்படச் சேரும். 100 நெருங்கும்போது மட்டும் வோல்டேஜ் சட்டென்று எகிறும். அப்போது கணக்கைத் திருத்திக்கொள்ளும், செல்களைச் சமன்படுத்தவும் செய்யும். மாதக்கணக்கில் 100 தொடாமல் ஓட்டினால் திரையில் 15 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழும். பேட்டரி கெட்டது என்று பயப்படுவார்கள், கெட்டிருப்பது கணக்குதான். ஆனால் 100-ல் ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

#7 ஒரகடத்தான்

செல் சொந்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜி.எம்.மின் ஷெவ்ரலே போல்ட் மின்வண்டி கதை போதும். எல்.ஜி. செய்த செல்லில் இரண்டு குறை: கிழிந்த ஆனோடு முனை, மடிந்த பிரிப்புத்தாள். இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்தால் தீ. எந்த வண்டியில் அப்படிச் சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் 2021-ல் கிட்டத்தட்ட 1.42 லட்சம் வண்டியையும் திரும்ப அழைத்தார்கள். 190 கோடி டாலர் வரை எல்.ஜி. ஈடு கட்டியது. பணம் வந்தது, ஆனால் வண்டிகள் மாதக்கணக்கில் முடங்கியது முடங்கியதுதான்.

#8 கணக்குப்பிள்ளை

எல்லாரும் பி.ஒய்.டி.யின் செல்லைப் பார்க்கிறீர்கள். நான் அவர்களின் கடன்புத்தகத்தைப் பார்க்கிறேன்.

சீனக் கம்பெனிகளின் விலைக்குறைப்பில் ஒரு பங்கு சப்ளையர் தலையில் ஓடியது. பொருளை வாங்கிவிட்டுப் பணத்தை இழுத்தடிப்பது. பி.ஒய்.டி. 2023-ல் சராசரியாக 275 நாளில் பணம் கொடுத்ததாகக் கணக்கு வெளியானது. பணத்துக்குப் பதில் டிலியான் என்று ஒரு மின்னணுச் சீட்டு. முன்கூட்டியே காசாக்க வேண்டுமா, கழிவு கொடுத்து மாற்றிக்கொள்.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாதம் 1 கோடிக்குப் பாகம் போடுகிற சப்ளையர். 60 நாள் கெடு என்றால் 2 கோடி வெளியே நிற்கும். 9 மாதம் என்றால் 9 கோடி. கூடுதல் 7 கோடிக்கு 10 சதவீத வட்டி வைத்தால் வருடத்துக்கு 70 லட்சம். 12 கோடி வியாபாரத்தில் அது கிட்டத்தட்ட 6 சதவீதம். பாகம் செய்கிறவன் நிகர லாபமே பல இடத்தில் அவ்வளவு வராது. சீனாவில் வட்டி குறைவு என்பதால் தாக்குப்பிடித்தார்கள்.

2025 மே மாதம் பி.ஒய்.டி. 22 மாடலுக்கு 34 சதவீதம் வரை விலை குறைத்தது. சீகல் 55,800 யுவானுக்கு இறங்கியது. அரசு முகம் சுளித்தது. ஜூனில் 17 கம்பெனிகள் சப்ளையருக்கு 60 நாளில் பணம் தருவோம் என்று வாக்குக் கொடுத்தன. வாக்கைக் காப்பாற்றினால் இலவசமாகக் கிடைத்த நடைமுறை மூலதனம் கரையும், விலைப்போரும் அடங்கும். இங்கே சிறு தொழில் சப்ளையருக்கு 45 நாள் என்ற சட்டமே இருக்கிறது, எவ்வளவு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

என் கணிப்பு: சீனாவில் இத்தனை பிராண்டுக்கு இடமில்லை. டபிள்யூ.எம். மோட்டார், ஹைஃபை, நேட்டா எல்லாம் போயாச்சு. இன்னும் போகும்.

#9 டீசல் தாத்தா

கணக்குப்பிள்ளைக்கு ஒரு சபாஷ். அதோடு ஒரு குட்டு எல்லாருக்கும். சீனா உலகையே மின்வண்டியால் நிரப்புகிறது என்று பேசுகிறோமே, 2024-ல் சீனா ஏற்றுமதி செய்த சுமார் 58.6 லட்சம் வண்டியில் மின்வண்டியும் பிளக்-இன் ஹைப்ரிடும் (இன்ஜினும் உண்டு, பிளக்கில் சார்ஜும் ஏறும்) சேர்ந்து 12.8 லட்சம்தான். மீதி அத்தனையும் பெட்ரோல், டீசல்! உள்ளூரில் மின்வண்டி ஓடி, பெட்ரோல் வண்டி ஆலைகள் காற்று வாங்குகின்றன. அந்த மிச்சச் சக்திதான் ரஷ்யா, மெக்சிகோ, மத்தியக் கிழக்குக்குக் கப்பலேறுகிறது. செரி அப்படித்தான் பெரிய ஏற்றுமதியாளர் ஆனது. டீசல் செத்தது என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

#10 துறைமுகம்

தாத்தா தந்த எண் சரி. ரஷ்யா 2024 அக்டோபரில் மறுசுழற்சிக் கட்டணத்தை ஏற்றியது, அந்த வாசலும் குறுகுகிறது.

மின்வண்டிக்கு ஐரோப்பிய வரி விவரம் (2024 அக்டோபர் கடைசியிலிருந்து, வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல்): பி.ஒய்.டி.க்கு 17, கீலிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3. ஷாங்காயிலிருந்து வரும் டெஸ்லாவுக்கும் 7.8 உண்டு. யார் எவ்வளவு அரசு உதவி வாங்கினார், விசாரணைக்கு எவ்வளவு ஒத்துழைத்தார் என்பதை வைத்துக் கம்பெனிக்குக் கம்பெனி போட்ட வரி.

இதில் பெரிய ஓட்டை: வரி பேட்டரியில் மட்டும் ஓடும் வண்டிக்குத்தான். பிளக்-இன் ஹைப்ரிடுக்கு இல்லை. வரி வந்ததும் பி.ஒய்.டி. ஐரோப்பாவில் பிளக்-இன் வண்டியை முன்னால் தள்ளியது. கூடவே ஹங்கேரியின் செகெட் நகரில் ஆலை.

அமெரிக்கா ஓட்டையே வைக்கவில்லை. மின்வண்டிக்கு 100 சதவீத வரி. அதைவிட உறுதியான தாழ்ப்பாள் 2025 ஜனவரியில் வந்தது: வண்டியை வெளியுலகோடு இணைக்கும் சீனத் தொடர்புள்ள மென்பொருள் இருக்கும் கார் 2027 மாடல் முதல் கூடாது. வரியைக் கட்டிவிட்டு உள்ளே வரலாம். இதைத் தாண்ட வண்டியின் மூளையையே மாற்றணும்.

#11 சம்மர்செட்

டொயோட்டாவை ஏன் யாரும் பேசவில்லை? 1997-ல் பிரியஸ் வந்தது. அந்த ஹைப்ரிடில் கியர்பாக்ஸே கிடையாது. ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதி, இரண்டு மோட்டார். நடுவில் சூரியச் சக்கரத்தில் ஒரு மோட்டார், வெளி வளையத்தில் இன்னொன்று, இடையில் கிரகங்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின். முதல் மோட்டாரின் வேகத்தை மாற்றினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் தானே மாறும். கிளட்ச் தேயாது, பெல்ட் அறாது, ஸ்டார்ட்டர் மோட்டார் தேவையில்லை. டாக்ஸிக்காரர்கள் பிரியஸை விடாததற்குக் காரணம் இந்த எளிமை.

அவர்களின் வாய்பாடு 1:6:90. நீண்ட தூரம் ஓடும் ஒரு மின்வண்டிக்குத் தேவையான பேட்டரிப் பொருளில் 6 பிளக்-இன் அல்லது 90 ஹைப்ரிட் செய்யலாம். அமெரிக்காவில் 2025 மாடல் கேம்ரி ஹைப்ரிடாக மட்டும்தான் வருகிறது. அமெரிக்காவில் மின்வண்டிக்கான 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் போனது, இப்போது யார் சிரிக்கிறார்?

#12 செல்வேதி

வாய்பாடு அழகுதான். ஆனால் செல் பஞ்சம் இருந்தால்தான் அது வாய்பாடு. பேட்டரி விலை 2024-ல் உலகச் சராசரி கிலோவாட் மணிக்கு 115 டாலர் ஆனது (நம் கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்கிறோமே, அந்த அளவு சேமிக்கும் பேட்டரிக்கு). ஒரே வருடத்தில் 20 சதவீதச் சரிவு. சந்தையில் செல் குவிந்து கிடக்கிறது. 90 ஹைப்ரிட் செய்யப் பொருளை மிச்சப்படுத்த வேண்டிய அவசரம் எங்கே?

டொயோட்டாவே சீனாவில் அந்த வாய்பாட்டை ஓரம் வைத்துவிட்டது. பிஇசட்3 வண்டியில் பி.ஒய்.டி. பிளேடு பேட்டரி. 2025-ல் வந்த பிஇசட்3எக்ஸ் 1,09,800 யுவானில் ஆரம்பம். நம்ம மாருதி ஆலையில் தயாராகும் இ-விட்டாராவிலும் பி.ஒய்.டி. குடும்பத்துச் செல்தான். எதிரியிடமே வாங்கி வண்டி ஓட்டும் நிலைமை.

#13 சம்மர்செட்

வாங்குவதில் வெட்கம் என்ன? 2022-ல் டொயோட்டா அவசரப்பட்டு இறக்கிய பிஇசட்4எக்ஸில் சக்கரப் போல்ட் தளர்ந்து 2,700 வண்டியைத் திரும்ப அழைத்தார்கள். பேட்டரி, மோட்டார் எல்லாம் தேறியது, நூறு வருட வித்தையான சக்கரத்தில் கோட்டை விட்டார்கள். நிதானமாகப் போ என்பதற்கு அதுவே பாடம். தெரிந்ததைத் தானே செய், தெரியாததை வாங்கு.

#14 வயர்ஹார்னஸ்

வாங்கினாலும் வராத சரக்கு ஒன்று உண்டு, மென்பொருள். ஃபோக்ஸ்வாகன் கதையை விரித்தே சொல்லணும்.

பழைய பாணிக் காரில் 70-லிருந்து 100 கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். கதவுக் கண்ணாடிக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சப்ளையர், உள்ளே அவரவர் புரோகிராம். கார் கம்பெனிக்கு அதன் மூலநிரல் கிடைக்காது. கதவுப் பூட்டில் ஒரு வரி மாற்ற வேண்டுமானால் கூட சப்ளையருக்குக் கடிதம், விலை, சோதனை, காலம். இப்படிப்பட்ட வண்டிக்குப் போன் மாதிரி இரவில் அப்டேட் அனுப்பு என்றால் எங்கே அனுப்புவது? ஒரு பெட்டி புதுப் பதிப்பு, பக்கத்துப் பெட்டி பழைய பதிப்பு என்று நின்றால் வண்டி கிளம்பாது. அப்டேட் நேரத்தில் எல்லாப் பெட்டியும் விழித்திருக்கும், 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருந்தால் பாதியிலேயே இறங்கிவிடும்.

டெஸ்லாவும் சீனப் புதியவர்களும் வண்டியை மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு கணினி வைத்து, நிரலைத் தாங்களே எழுதினார்கள். அமெரிக்க மின்வண்டிக் கம்பெனி ரிவியன் இரண்டாம் தலைமுறையில் 17 பெட்டியை 7 ஆக்கியது, வயரில் மட்டும் இரண்டரை கிலோமீட்டர் மிச்சம். வயர் கட்டு என்பது காரில் கையால் செய்யும் கனமான வேலை, அதில் மிச்சம் என்றால் ஆளும் மிச்சம், எடையும் மிச்சம்.

ஃபோக்ஸ்வாகன் இதற்காகவே காரியாட் என்று தனிப்பிரிவு தொடங்கியது. 2020-ல் ஐடி.3 மின்வண்டி முதல் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வசதி குறைவாகத்தான் கைக்குப் போனது. போர்ஷே மக்கான் மின்வண்டி வருடக்கணக்கில் தாமதம், காரணம் மென்பொருள். கடைசியில் ரிவியனோடு 580 கோடி டாலர் வரை கூட்டு. சீனாவுக்கு எக்ஸ்பெங்கில் 70 கோடி டாலர் போட்டுப் பங்கு. அதாவது ஐரோப்பாவின் மிகப்பெரிய கார் கம்பெனி வண்டியின் மூளையை ஒரு அமெரிக்கக் குழந்தையிடமும் ஒரு சீனக் குழந்தையிடமும் வாங்குகிறது. 2019-ல் சீனாவில் 42 லட்சம் விற்றவர்கள் 2024-ல் 29 லட்சம். ஜெர்மனியில் 2030-க்குள் 35,000 வேலை குறைப்புக்குத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம்.

#15 புதுவண்டி

டெஸ்லா?

#16 கணக்குப்பிள்ளை

2023-ல் 18.1 லட்சம், 2024-ல் 17.9 லட்சம். முதல் வருடாந்தரச் சரிவு. லாபத்தில் ஒரு பகுதி வண்டி விற்று வந்ததில்லை, மாசு வரவுச் சீட்டு விற்று வந்தது (மாசு வரம்பைத் தாண்டும் மற்ற கம்பெனிகள் அபராதத்தைத் தவிர்க்க வாங்குவது). 2024-ல் 276 கோடி டாலர். செலவே இல்லாத வரவு. 2025 ஜூலையில் அமெரிக்கா எரிபொருள் சிக்கன அபராதத்தை பூஜ்யமாக்கியது. அபராதம் இல்லை என்றால் சீட்டை யார் வாங்குவார்? மற்றபடி அது ரோபோ, டாக்ஸி என்று வேறு இழைக்குரிய விஷயம்.

#17 பாடிஷாப் பாண்டி

டெஸ்லா போனாலும் அதன் வார்ப்பு நிற்கும். மாடல் ஒய் பின்பக்க அடித்தளத்தில் 70 துண்டு இருந்த இடத்தில் ஒன்றிரண்டு அலுமினிய வார்ப்பு. டொயோட்டா 2023-ல் காட்டிய கணக்கு: பிஇசட்4எக்ஸ் பின்பகுதி 86 பாகம், 33 வேலை, எல்லாம் ஒரே வார்ப்பு ஆகிறது. அச்சு மாற்ற ஒரு நாள் ஆகும் வேலையை 20 நிமிடமாக்கியிருக்கிறார்கள். வெல்டிங் போய்விடும். ஆனால் பின்னால் ஒரு லாரி இடித்தால் தட்டி நிமிர்த்தும் வேலையும் போய்விடும். அலுமினிய வார்ப்பு வளையாது, விரிசல் விடும். வெட்டி மாற்றத் தோதாகக் கோடு போட்டுக் கொடுத்தால்தான் இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்வான்.

#18 துறைமுகம்

காந்தத்தை மறந்துவிட்டீர்கள் எல்லாரும். 2025 ஏப்ரல் 4-ல் காந்தத்தில் சேர்ப்பவை உட்பட ஏழு அருமண் (ரேர் எர்த்) தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஆலை ஒரு வாரம் நின்றது, ஜப்பானில் சுசூகி ஸ்விஃப்ட் நின்றது. இரண்டுமே மின்வண்டி ஆலை இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடி ஏற்றும் மோட்டார், சீட் மோட்டார், பவர் ஸ்டியரிங், ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் காந்தம்.

#19 செல்வேதி

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நியோடிமியம் காந்தம் சாதாரணச் சூட்டில் பலசாலி, 80 டிகிரி தாண்டினால் பலம் இழக்க ஆரம்பிக்கும். வண்டி மோட்டாருக்குள் 150 டிகிரி வரும். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் கொஞ்சம் சேர்த்தால் தாங்கும். அந்த இரண்டும் உரிமப் பட்டியலில் இருக்கின்றன. காந்தமே இல்லாமல் செய்யலாம். பி.எம்.டபிள்யூ.வும் ரெனோவும் ரோட்டரில் செப்புக் கம்பி சுற்றி அதற்குக் கரண்ட் கொடுக்கிறார்கள். விலை: கரண்டைச் சுழலும் ரோட்டருக்குக் கொடுக்க கார்பன் பிரஷ், பிரஷ் தேய்ந்து தூள், ரோட்டரையும் குளிர்விக்கணும். ரெனோ இதை ஸோயி காலத்திலிருந்தே செய்கிறது, அப்போது பழைய பாணி என்று கேலி செய்தார்கள்.

#20 ஒரகடத்தான்

ரெனோ பெயர் வந்ததால் நிஸ்ஸானுக்கு வருகிறேன். 2010-ல் லீஃப் கொண்டுவந்தவர்கள். பேட்டரிக்குக் குளிரூட்டல் வைக்காமல் சிக்கனம் பிடித்தார்கள், அரிசோனா வெயிலில் பட்டை பட்டையாகக் கொள்ளளவு குறைந்தது. முன்னால் ஓடியதன் பலனை அங்கேயே கோட்டை விட்டார்கள். 2024 டிசம்பரில் ஹோண்டாவோடு இணைப்புப் பேச்சு. ஹோண்டா "என் துணை நிறுவனமாக வா" என்றது, நிஸ்ஸான் மறுத்தது, 2025 பிப்ரவரி 13-ல் முறிந்தது. அந்த நிதியாண்டில் 67,090 கோடி யென் நட்டம். இப்போது 17 ஆலையை 10 ஆக்கும் திட்டம், 20,000 பேருக்கு வேலை இல்லை, 1961-லிருந்து ஓடும் ஒப்பாமா ஆலை மூடும் பட்டியலில். லீஃப் முதலில் பிறந்ததே அங்கேதான்.

தாத்தா, பிக்கப் லாபம் என்றீர்களே. ஃபோர்டின் மின்வண்டிப் பிரிவு 2024-ல் 510 கோடி டாலர் நட்டம். 2025 டிசம்பரில் மின்வண்டித் திட்டங்களைச் சுருட்டி 1,950 கோடி டாலர் எழுதித் தள்ளினார்கள். பிக்கப் லாபம் அமெரிக்க வேலிக்குள் வருகிற லாபம். வேலிக்கு வெளியே என்ன விற்பார்கள்?

#21 டீசல் தாத்தா

வேலி இருக்கிறவரை பால் கறக்கலாம் தம்பி. ஐரோப்பாவே புது வண்டிகளின் கார்பன் புகைக் குறைப்பு 2035-ல் 100 சதவீதம் என்றிருந்ததை 90 என்று தளர்த்த 2025 டிசம்பரில் யோசனை வைத்துவிட்டது. இன்ஜினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. மறைமலைநகரையே பாருங்கள். 2021-ல் மூட்டை கட்டிய ஃபோர்டு 3,250 கோடி ரூபாய் போட்டுத் திரும்பி வருகிறதே, 2029-லிருந்து வருடத்துக்கு 2.35 லட்சம் இன்ஜின், ஏற்றுமதிக்கு. நீங்கள் சொன்ன கிரயப் பத்திரத்தில் இந்த ஆலை இல்லை, இதை அவர்கள் விற்கவில்லை, கவனித்தீர்களா?

#22 ஒரகடத்தான்

கவனித்தேன், அதனால்தான் பட்டியலில் சேர்க்கவில்லை. சானந்தைக் கொடுத்தார்கள், இதை வைத்துக்கொண்டார்கள். ஆனால் வருவது இன்ஜின், கார் இல்லை. வருடத்துக்கு 2 லட்சம் காரும் 3.4 லட்சம் இன்ஜினும் செய்யக் கட்டிய இடம் அது.

#23 பாடிஷாப் பாண்டி

இன்ஜின் மட்டும் என்றால் மெஷின் ஷாப்தான் ஓடும். பெயிண்ட் ஷாப்புக்கு வேலை இல்லை. மின்பூச்சுத் தொட்டியை வருடக்கணக்கில் சும்மா போட முடியாது, கலவையைச் சுற்றவிடாமல் நிறுத்தினால் அடியில் படிந்து இறுகிவிடும், இறக்கிக் கழுவித்தான் வைக்கணும். மறுபடி கார் செய்யப்போகிறார்களா என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தொட்டியை யாராவது திரும்ப நிரப்புகிறார்களா என்று பாருங்கள்.